மூளை அலையும் நெற்றிப் பட்டையும்



மூளையின் மின்னலைகளை அளக்கும் தலைப்பட்டைகள் இன்று கடைக்கே வந்துவிட்டன. தூக்கத்தைக் கணக்கெடுக்க, தியானம் பழக என்று வீட்டிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். இதற்கு விதை போட்டவர் ஜெர்மனியின் யேனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர்.

இளவயதில் ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே வீட்டிலிருந்து நலம் விசாரித்துத் தந்தி. தம் சகோதரிக்கு ஏதோ மனசு உறுத்தியதாம். ஒரு மனதிலிருந்து இன்னொரு மனதுக்குப் போனது எது என்று தேடத் தொடங்கினார். 1924-இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிவு செய்தார், 1929-இல் வெளியிட்டார். பலர் நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் சோதித்து உறுதிசெய்த பிறகுதான் உலகம் ஏற்றது. அவர் தேடியது கிடைக்கவில்லை. வலிப்பு நோயாளிகளுக்கு இ.இ.ஜி. கிடைத்தது.

2019-இல் சீனாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளின் நெற்றியில் இந்தப் பட்டையைக் கட்டினார்கள். கவனித்தால் சிவப்பு விளக்கு, கவனம் சிதறினால் நீலம். விவரம் ஆசிரியரின் கணினிக்குப் போகும். எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்தினார்கள். 2021-இல் சிலி நாடு மூளைத் தகவலைக் காக்க அரசியலமைப்பையே திருத்தியது.

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை பாடத்தையே யோசித்துக்கொண்டும் இருக்கலாம். அது விளக்குக்குத் தெரியாது. பக்கத்தில் போய்க் கேட்கும் ஆசிரியருக்குத் தெரியும்.

இன்று நீங்களே பெற்றோர். உங்கள் பிள்ளைக்கு இப்படியொரு பட்டை வந்தால், அந்தத் தகவல் யாரிடம் போகிறது என்று முதலில் கேளுங்கள்.