டிஆர்பி காப்பாற்றிய ரத்தக்காட்டேரி

ரத்தக்காட்டேரிக்கு மனசாட்சி எந்த வருடம் முளைத்தது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் 1967 என்பேன். அமெரிக்காவில் ஏபிசி சேனலின் பிற்பகல் சீரியல் ஒன்று ரேட்டிங் இல்லாமல் படுத்துக் கிடந்த நேரம் அது. நான் சாலிகிராமத்தில் மெகா சீரியல்களுக்கு எடிட்டராகப் பல வருடம் குப்பை கொட்டியவன். டிராகுலா படங்களைப் பார்த்து வராத நடுக்கம், அந்தச் சீரியலின் வரலாற்றைப் படித்தபோது வந்தது. ரேட்டிங் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தயாரிப்பாளர் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சினிமாக் காட்டேரி சாவதற்கென்றே பிறந்தவன். பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலா லண்டனில் பட்டப்பகலில் நடமாடுவான். பலம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 1922இல் ஜெர்மனியில் முர்னோ எடுத்த 'நோஸ்ஃபராட்டு'தான் அவனை வெயில் பட்டதும் மறைந்துபோகச் செய்தது. சண்டை வேண்டாம், செலவு வேண்டாம், ஜன்னலில் விடியல் போதும். க்ளைமாக்ஸ் முடிந்தது. அதில் கோட்டான் முகத்தோடு வரும் மாக்ஸ் ஷ்ரெக், கப்பலின் அடித்தளத்தில் சவப்பெட்டியிலிருந்து முழங்கால் மடக்காமல் விறைப்பாக எழும் ஷாட் இருக்கிறதே, அதை ராத்திரியில் தனியாகப் பார்க்க எனக்கு இன்றும் இஷ்டமில்லை.

1931இல் பேலா லுகோசி நடித்த ஹாலிவுட் 'டிராகுலா' அப்படியில்லை. சாமி கும்பிடுகிற மாதிரி எல்லோரும் அதைக் கொண்டாடுகிறார்கள். எனக்குத் தூக்கம்தான் வருகிறது. பின்னணி இசை அநேகமாகக் கிடையாது. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே போய் டீ குடித்துவிட்டு வரலாம். கோட்டைக்குள் எதற்கென்றே தெரியாமல் ஆர்மடில்லோக்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். கடைசியில் டிராகுலாவின் நெஞ்சில் மர ஆப்பு இறங்குவதைக்கூடக் காட்டுவதில்லை. திரைக்கு வெளியே ஒரு முனகல், படம் முடிந்துவிடும். இங்கிலாந்தின் ஹாமர் கம்பெனி 1958இல் கிறிஸ்டோபர் லீயை வைத்து எடுத்ததுதான் என் கட்சி. பீட்டர் குஷிங் நீள மேஜைமேல் ஓடிப் பாய்ந்து திரைச்சீலையைப் பிய்த்து இழுக்க, வெயில் உள்ளே விழும். இரண்டு மெழுகுவத்தித் தண்டுகளைச் சிலுவையாகப் பிடித்து லீயை வெளிச்சத்துக்குள் தள்ளுவார். அந்த ரீலின் வெட்டுகளைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

மூன்று படமும் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பின்னாக முடிந்துவிடுகின்றன. அந்த நேரத்துக்குள் வில்லனுக்கு வருத்தம், குற்றவுணர்ச்சி, பழைய காதல் என்றெல்லாம் வைக்க இடமேது? ஹாமர்காரர்கள் 1966இல் லீயின் சாம்பல்மேல் ரத்தம் ஊற்றி அவனை எழுப்பினார்கள். எழுந்தவனுக்குப் படம் முழுக்க ஒரு வசனமும் இல்லை. வாய் கடிக்க மட்டும்.

தொடரில்தான் சங்கதி மாறுகிறது. 1840களில் லண்டனில் வாரம் ஒரு பென்னிக்கு விற்ற 'வார்னி' என்ற காட்டேரித் தொடர்கதை இருநூறு அத்தியாயங்களைத் தாண்டியது. வார்னி சாவான், நிலா வெளிச்சம் மேலே பட்டதும் பிழைப்பான். எத்தனை தடவைதான் சும்மா கடித்துக்கொண்டிருப்பான்? போகப்போக அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்து, கடைசியில் வெசூவியஸ் எரிமலைக்குள் குதிக்கிறான். எழுதியவருக்கு அது தத்துவம் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த வாரத்துக்குப் பக்கம் நிரப்ப வேண்டும். வாசகனும் அவனோடு சேர்ந்து இருக்க வேண்டும்.

ஏபிசியின் 'டார்க் ஷேடோஸ்' 1966 ஜூனில் தொடங்கியது. மெய்ன் மாநிலத்துக் கடற்கரையில் காலின்வுட் என்ற பெரிய பங்களா, அதற்குள் பணக்காரக் குடும்பம், வேலைக்கு வரும் அநாதைப் பெண். எடுபடவில்லை. தயாரிப்பாளர் டான் கர்ட்டிஸ் முதலில் ஆவியை விட்டுப் பார்த்தார். பிறகு 1967 ஏப்ரலில், வில்லி என்ற திருடன் நகைக்கு ஆசைப்பட்டுக் கல்லறைக்குள் சங்கிலி கட்டிய சவப்பெட்டியைத் திறக்கிறான்; உள்ளேயிருந்து ஒரு கை வந்து கழுத்தைப் பிடிக்கிறது. வில்லியாக நடித்தவரையே அதற்குச் சில எபிசோட் முன்புதான் மாற்றியிருந்தார்கள். 'இனி இவருக்குப் பதில் இவர்' நம்மூர்க் கண்டுபிடிப்பு இல்லை போலிருக்கிறது.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் ஜோனதன் ஃப்ரிட். கனடாவில் பிறந்து ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துவந்தவர். கொஞ்ச நாள் வந்து பயமுறுத்திவிட்டு ஆப்பு வாங்கிச் சாக வேண்டிய பாத்திரம், பெயர் பார்னபஸ் காலின்ஸ். ஆனால் ரேட்டிங் ஏறியது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் டிவிக்கு முன்னால் ஓடி வந்து உட்கார்ந்தார்கள். இனி எப்படிக் கொல்வது? கொல்லவும் முடியாது, தினம் ஒரு பெண்ணைக் கடிக்க வைத்தால் ஊரில் ஆளும் மிஞ்சாது. ஆகவே எழுத்தாளர்கள் எல்லா சீரியல்காரர்களும் செய்வதைச் செய்தார்கள்: கதையைப் பின்னால் ஓட்டினார்கள். 1967 நவம்பரில் தொடங்கி மாதக்கணக்கில், மொத்தச் சீரியலும் 1795க்குப் போய்விட்டது. பார்னபஸ் நல்லவன், ஜோசெட் என்ற பெண்ணைக் காதலித்தவன், ஆஞ்சலிக் என்ற சூனியக்காரியின் ஆசைக்கு இணங்காததால் சாபம் பெற்றவன். நான்கு மாத ஃப்ளாஷ்பேக்! எங்கள் கதை இலாகாவில் நாலு எபிசோடுக்கு மேல் கேட்டாலே அடிக்க வருவார்கள்.

இன்னொரு பக்கம் ஜூலியா ஹாஃப்மன் என்ற டாக்டர், அவனுக்கு வந்திருப்பது ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று ஊசி போட்டுக் குணப்படுத்தப் பார்க்கிறாள். காட்டேரியை நோயாளியாக்கிவிட்டால் பிறகு யார் வெறுப்பார்கள்?

இதன் எபிசோடுகளைப் போட்டுப் பார்க்கும்போது எனக்குக் கதையைவிடத் தவறுகள்மேல்தான் கண் போகிறது. நாளுக்கு ஒரு எபிசோட். அந்தக் கால இரண்டு அங்குல வீடியோ டேப்பை வெட்டி ஒட்டுவது பெரிய செலவு. ஆகவே நிறுத்தாமல் எடுத்ததை அப்படியே ஒளிபரப்பினார்கள். சுவரில் மைக் நிழல் ஆடும். செட் ஆள் ஒருவர் ஃப்ரேமுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பதறி ஓடுவார். ஃப்ரிட்டுக்கு வசனம் மனதில் நிற்காது. கண் டெலிப்ராம்ப்டர் பக்கம் தவித்துக்கொண்டே இருக்கும்; அடுத்த சொல் கிடைக்கும்வரை முகத்தில் ஒரு வலி. நூற்றாண்டுகளின் சோகம் என்று ரசிகர்கள் உருகியதில் பாதியாவது அந்தத் தவிப்புதான் என்பது என் அபிப்பிராயம். எடிட் சூட்டில் நான் இருந்திருந்தால் அத்தனையையும் வெட்டி எறிந்திருப்பேன், பார்னபஸும் சாதாரண வில்லனாகப் போயிருப்பான்.

காட்டேரிக்கு மனசாட்சி தருவது தொடரின் நீளம்தான் என்பதற்குச் சாட்சி கர்ட்டிஸே கொடுத்தார். 1970இல் எம்ஜிஎம்முக்காக அதே ஃப்ரிட்டை வைத்து 'ஹவுஸ் ஆஃப் டார்க் ஷேடோஸ்' என்ற சினிமா எடுத்தார். அதே பங்களாக் கதை, அதே பார்னபஸ். ஆனால் சினிமா ஒன்றரை மணி நேரம்தான். அதில் பார்னபஸ் இரக்கமில்லாத கொலைகாரன், கடைசியில் சாகிறான். இதைவிடச் சுத்தமான பரிசோதனை வேறு எங்கே கிடைக்கும்?

போன ஜென்மத்துக் காதலியைத் தேடும் சமாசாரத்தை கர்ட்டிஸ் 1974இல் ஜாக் பாலன்ஸ் நடித்த தன் டிவி 'டிராகுலா'வுக்குள் கொண்டுபோனார். ஸ்டோக்கரிடம் இல்லாத அந்தக் காதல் 1992இல் கொப்போலா எடுத்த டிராகுலா படத்திலும் வந்தது. ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' பார்த்து வளர்ந்த நமக்கு அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? 'ஃபாரெவர் நைட்', 'ஏஞ்சல்' என்று பின்னால் வந்த டிவி காட்டேரிகள் எல்லாம் செய்த பாவத்துக்கு வருந்திக்கொண்டே துப்புத் துலக்கினார்கள். வாராவாரம் வர வேண்டியவர்கள், வேறு என்ன செய்வார்கள்?

'டார்க் ஷேடோஸ்' 1971 ஏப்ரல் 2ஆம் தேதி, 1,225ஆம் எபிசோடோடு நின்றது. பல்லை மாட்டி மாட்டி ஃப்ரிட்டுக்கு அலுத்துவிட்டது. கடைசி டிராக்கில் பிராம்வெல் என்று சாதாரண மனிதனாகத்தான் வருகிறார். முடிவு எபிசோடில் ஒரு பெண்ணின் கழுத்தில் கடித்த தடம் தெரிகிறது. உடனே பின்னணிக் குரல் வந்து, அது ஏதோ மிருகம் கடித்தது, காட்டேரி எதுவும் இல்லை என்று விளக்கம் சொல்லி முடிக்கிறது. பார்னபஸ் அதற்குச் சில மாதம் முன்பே கதையைவிட்டுப் போயிருந்தான், நெஞ்சில் ஆப்பு இறங்காமலேயே.