தொடக்க வகுப்பில் புதிய ஆசிரியர்: பயிற்சி வழி, தன்னம்பிக்கை, காத்திருப்பு

தேனி மாவட்டத்தின் பெரியகுளம் வட்டத்தில், மஞ்சளாறு அணையை ஒட்டிய தேவதானப்பட்டிப் பகுதி போன்ற இடங்களில், தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் கல்வி பெரும்பாலும் அரசுப் பள்ளியை நம்பியே இருக்கிறது. அங்குள்ள நடுநிலைப் பள்ளி ஒன்றில் இரு வழியாகப் பயின்றவர்கள் அடுத்தடுத்த வகுப்பறைகளில் பாடம் நடத்துவார்கள். ஒன்று முதல் ஐந்து வரை பட்டயப் பயிற்சி முடித்த இடைநிலை ஆசிரியர். ஆறு முதல் எட்டு வரை பி.எட். முடித்த பட்டதாரி ஆசிரியர். புதிதாகச் சேரும்போது இவர்களில் யாருக்குத் தன்னம்பிக்கை அதிகம் என்று கேட்பது ஆய்வுலகின் வழக்கம். இக்கேள்வியே குறையுடையது என்பது என் வாதம்.

தன்னம்பிக்கை மனிதருக்குள் மொத்தமாக ஊறிக் கிடப்பதில்லை. குறிப்பிட்ட வேலையோடு ஒட்டியே வளர்கிறது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் இதை விளக்கியபோது, ஒருவர் தானே செய்து வெற்றி கண்ட அனுபவத்தையே அதன் வலுவான ஊற்றாகக் கொண்டார். கல்வி உளவியலாளர்கள் சானன்மோரனும் உல்ஃபோக் ஹோயும் ஆசிரியர் தன்னம்பிக்கைக்கென 2001இல் வெளியிட்ட அளவுகோல் கற்பிக்கும் உத்தி, வகுப்பு நிர்வாகம், மாணவரை ஈடுபடுத்தல் ஆகிய மூன்றையும் தனித்தனியே அளக்கிறது. அவற்றைக் கூட்டிச் சராசரி எடுத்தால் நமக்கு வேண்டிய உண்மை மறைந்துபோகும். கொம்பும் காலும் சேர்ந்து ‘கொ’ ஆவதை ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்கும் துணிவும், எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் நடத்தும் துணிவும் ஒன்றல்ல. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிந்து உட்கார்ந்திருக்கும் மூன்று நிலைப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் கவனிப்பது வேறொரு திறன். பாட அறிவு அதற்கு ஈடாகாது.

பி.எட். படித்தவர்களும் தொடக்க வகுப்புகளுக்கு வரலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018 ஜூனில் அறிவித்ததையும், 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்ததையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அத்தீர்ப்பு பட்டயத்தைப் பட்டத்துக்கு மேலே வைக்கவில்லை. சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பது தனிப் பயிற்சி கோரும் பணி என்றது. சரியான தீர்ப்பு.

தமிழகத்தில் பயிற்சி வழியைவிடப் பெரிய காரணி ஒன்று உண்டு. அது காத்திருப்பு. வெளிநாட்டு ஆய்வுகள் பலவற்றில் புதிய ஆசிரியர் என்பவர் பயிற்சி முடித்த கையோடு வகுப்புக்குள் நுழைபவர். இங்கே அப்படியில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பை நம்பியிருந்தவர்களை 2012 முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு எதிர்கொண்டது. அதில் தேறியவர்களுக்கும் தனிப் போட்டித் தேர்வு உண்டென 2018இல் அரசாணை வந்தது. ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளிக்குப் பின், 2024 ஜூலையில்தான் இடைநிலை ஆசிரியர் நியமனத்துக்கான தேர்வு நடந்தது. இருபது வயதில் பட்டயம் பெற்றவர் முப்பத்தைந்து வயதில் ‘புதியவராக’ வந்து சேரலாம். அவருக்கு எந்த வழியில் பயிற்சி கிடைத்தது என்பதைவிட, இடையில் என்ன செய்தார் என்பதே முதலில் கேட்க வேண்டியது. தனியார் பள்ளியில் சொற்ப ஊதியத்துக்குப் பாடம் நடத்தியிருக்கலாம். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக மாலை நேரம் பிள்ளைகளோடு இருந்திருக்கலாம். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியே மாதம் 7,500 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்திருக்கலாம். வகுப்பறைப் பக்கமே போகாமல் துணிக்கடையில் கணக்கு எழுதியிருக்கவும் கூடும். இவர்கள் அனைவரையும் ‘பட்டயப் பயிற்சி பெற்றோர்’ என்ற ஒரே கட்டத்தில் அடைத்து, பட்டதாரிகளோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் வேறுபாட்டை எதற்கான சான்றாகக் கொள்வது?

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பயிற்சிக் காலத்தில் உயரும் தன்னம்பிக்கை முதலாண்டுப் பணியில் சரிவதை உல்ஃபோக் ஹோயும் ஸ்பெரோவும் 2005இல் காட்டினர். சேரும் நாளில் நிரப்பும் வினாத்தாள் அதனால் போதாது. உத்தமபாளையத்திலுள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இதற்குப் பொருத்தமான களம். தேனி மாவட்டத்தில் புதிதாகச் சேர்வோரிடம் பணியேற்கும்போதும், முதல் பருவத் தேர்வு முடிந்ததும், ஆண்டிறுதியிலும், வேலை வேலையாகப் பிரித்துக் கேட்கலாம்: எழுத்து அறிமுகம், பல நிலைப் பிள்ளைகளை ஒருசேர நடத்துதல், பெற்றோரிடம் பேசுதல். கூடவே காத்திருந்த ஆண்டுகளையும் அவற்றில் செய்த வேலையையும் குறித்துக்கொண்டால், அதே பள்ளியின் மூத்த ஆசிரியர் யாருக்கு, எந்த மாதத்தில் துணை நிற்க வேண்டும் என்பது தெரியவரும்.