உடற்கொழுப்பு விழுக்காடு
உடல் எடையில் கொழுப்பின் பங்கு. 70 கிலோ எடையுள்ளவருக்கு 14 கிலோ கொழுப்பு இருந்தால் 20%. டெக்சா எனும் எக்ஸ்-கதிர் ஸ்கேன் இதை நுட்பமாக அளக்கும். மின்னோட்டம் செலுத்தி அளக்கும் எடைக்கருவியின் கணக்கு, உடலின் நீர்ச்சத்தைப் பொறுத்து மாறும்.

உயரத்தையும் எடையையும் மட்டும் கொள்ளும் பி.எம்.ஐ. கொழுப்பைக் காட்டாது. புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் இதற்குத் தங்களையே சான்றாக்கினர். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, கொழுப்போ முன்னவருக்கு 21.2%, பின்னவருக்கு 9.1%. இந்தியருக்கு பி.எம்.ஐ. 23 முதலே அதிக எடை எனக் கொள்வது, ஒல்லியான உடலிலும் கொழுப்பு மிகும் இவ்வியல்பை ஒட்டியே.

சிற்றூர்களில் வயிற்றுக்கொழுப்பை அறியத் தையல் டேப்பே எளிய கருவி. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் வயிற்றுச் சுற்றளவை அளக்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் வயிற்றுக்கொழுப்பு மிகுதி. அத்தகையோர் சர்க்கரை நோய்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.