கூண்டும் தூண்டிலும்

கடலில் மீன்பிடித்தல் என்றதும் நம் நினைவில் எழுவன கட்டுமரமும், வலையும், அவற்றை நம்பி வாழும் பரதவர் குடும்பங்களுமே. நெய்தல் நிலத்தில் அது தொன்றுதொட்டுப் பிழைப்பாக இருந்து வருகிறது. இங்கிலாந்திலும் அவ்வாறே இருந்தது. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அங்கு அது ஓய்வுநாள் பொழுதுபோக்காகவும் வளர்ந்தது. புகைவண்டிப் பாதைகள் கடற்கரையை எட்டியதும், நகரத்து எழுத்தர்களும் வணிகர்களும் தூண்டிலும் கையுமாகக் கரையோரச் சிற்றூர்களுக்கு வரலாயினர். உள்ளூர்ப் படகோட்டியை வாடகைக்கு அமர்த்தி, சிறு படகில் ஓரிரு மைல் சென்று நங்கூரமிட்டு மீன் பிடித்தனர். 1893-இல் இத்தகைய ஆர்வலர்களுக்கெனப் பிரிட்டிஷ் கடல் தூண்டிலாளர் சங்கம் தோன்றியது.

இந்தப் பொழுதுபோக்குக்குச் சோதனையான காலம் இளவேனிலின் தொடக்கம். நம் நாட்டில் பங்குனி வெயில் ஏறத் தொடங்கும் மார்ச்சுத் திங்களில், அந்நாட்டுக் கடல் ஆண்டிலேயே மிகக் குளிர்ந்திருக்கும். நிலம் விரைவில் சூடேறும். நீரோ மெல்லத்தான் சூடேறும். ஆகவே கரையில் பூக்கள் மலர்ந்திருப்பினும், கடலில் குளிர்காலம் நீங்கியிராது. பிளெய்ஸ் எனும் தட்டை மீன் குளிர்காலத்தில் முட்டையிட்டு முடித்து, மெலிந்து காணப்படும். பகலும் இரவும் சமமாகும் நாட்களையொட்டிக் கடலேற்றமும் வடிதலும் வலுத்திருக்கும். நீரோட்டத்தை எதிர்த்துக் காற்று வீசினாலோ, குறுகிய செங்குத்தான அலைகள் எழுந்து சிறு படகைப் புரட்டிவிடும். அந்தக் குளிர்நீரில் விழுந்தவனுக்கு முதற்கணத்திலேயே மூச்சு திணறும். நீந்தத் தெரிந்திருப்பதும் அப்போது போதிய காவலாகாது.

குளிர்காலம் முழுதும் கரையில் காத்திருந்தவனுக்கு ஒரு காலை நேரத்து அமைதி போதும், படகைத் தள்ளிவிடுவான். அந்த அமைதியை நம்பலாமா என்பதை அறிய ஒரு வழி வேண்டியிருந்தது. அவ்வழியைத் திறந்தவர் ராபர்ட் பிட்ஸ்ராய். 1831 முதல் 1836 வரை டார்வினைச் சுமந்து சென்ற பீகிள் கப்பலின் தலைவர் இவரே. 1854-இல் வணிக வாரியத்தின் வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற அவர், வசதியற்ற மீனவ ஊர்களுக்குக் காற்றழுத்தமானிகள் கிடைக்கச் செய்தார். அவற்றைப் படித்தறியும் முறையையும் எளிய நடையில் எழுதினார்.

1859 அக்டோபரில் மெல்போர்னிலிருந்து லிவர்ப்பூலுக்கு வந்துகொண்டிருந்த ராயல் சார்ட்டர் என்னும் கப்பல், ஆங்கிள்சீ தீவின் பாறைகளில் மோதி உடைந்தது. ஏறத்தாழ 450 பேர் மாண்டனர். புயல் ஓரிடத்தைத் தாக்கியதும் தந்தி வாயிலாக அடுத்த கரையை எச்சரிக்கலாம் என்று பிட்ஸ்ராய் வாதாடினார். 1861 பிப்ரவரியில் எச்சரிக்கைகள் தொடங்கின. துறைமுகக் கம்பங்களில் கூம்பும் உருளையும் ஏற்றப்பட்டன. கூம்பின் முனை மேல்நோக்கினால் வடதிசைக் காற்று. கீழ்நோக்கினால் தென்திசைக் காற்று. எழுத்தறியாதவனும் தொலைவிலிருந்தே அதனைப் படிக்கலாம்.

பிட்ஸ்ராயின் முன்னறிவிப்புகள் சில பொய்த்தபோது இதழ்கள் எள்ளி நகையாடின. உடல் நலிவும் பணக் கவலையும் வாட்ட, 1865 ஏப்ரலில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் முறைக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லையென்று ஓர் ஆய்வுக்குழு கூறியதன் பேரில், 1866-இல் எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. ஆனால் கரையோர மக்கள் வாளாவிருக்கவில்லை. அவர்கள் வற்புறுத்தியதால் மறு ஆண்டே எச்சரிக்கைகள் திரும்பின.

எச்சரிக்கை இருந்தாலும் அதற்குச் செவிசாய்க்க வசதி வேண்டும். 1881 அக்டோபர் 14 அன்று ஸ்காட்லாந்தின் ஐமத் துறைமுகத்தில் காற்றழுத்தமானி தாழ்ந்திருந்தது. வானமோ அமைதியாக இருந்தது. பல நாள் கரையில் முடங்கி வருவாயிழந்திருந்த மீனவர்கள் படகுகளைச் செலுத்தினர். நண்பகலில் புயல் வெடித்தது. அக்கரையோரத்தில் மாண்டவர் 189 பேர்; அவர்களுள் 129 பேர் அந்த ஒரே ஊரினர். பொழுதுபோக்காக மீன் பிடிப்பவனை அத்தகைய பசி துரத்துவதில்லை. கரையில் தங்கிவிட்டால் அவன் இழப்பது ஒரு விடுமுறை நாள். அவனுக்குப் படகு ஓட்டுபவன் இழப்பதோ அன்றைய கூலி. எனவே வானிலை கெட்ட நாளில் தானும் போகாமல், படகோட்டியையும் வற்புறுத்தாமல், பேசிய கூலியையும் கொடுத்துவிடுபவனே மெய்யான கடல் ஆர்வலன்.

1920-களில் இப்பணியில் வானொலியும் சேர்ந்தது. பிரிட்டிஷ் வானொலியின் கப்பல் வானிலை அறிவிப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறுத்த பொருளுண்டு. புயற்காற்று ‘விரைவில்’ என்றால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் என்பது பொருள். பெருங்கப்பலின் மாலுமிக்கும் சிறு படகுக்காரனுக்கும் ஒரே குரல் அதனைச் சொல்கிறது. 2002-இல் அந்த அறிவிப்பின் கடற்பகுதிகளுள் ஒன்றுக்குப் பிட்ஸ்ராயின் பெயரே இடப்பட்டது.

இவ்வரலாறு நமக்கும் அயலானதன்று. 1864-இல் கல்கத்தாவைப் பெரும்புயல் அழித்தபின், மறு ஆண்டே அத்துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பெற்றது. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது’ என்ற செய்தியை, கடலை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நம்மில் பலர் இன்றும் கவலையோடு கேட்கிறோம். நாம் கூண்டு என்று சொல்லும் அது, பிட்ஸ்ராய் ஏற்றுவித்த கூம்புக்கும் உருளைக்கும் உறவானதே. கரையில் நிற்பவனை இன்று போகாதே என்று தடுப்பதே அதன் பணி. அச்சொல்லைக் கேட்டுத் தங்கும் மீனவனின் அடுப்பு அன்று எரிய வழி செய்வது, கூண்டை ஏற்றும் சமுதாயத்தின் கடமையாகும்.