மாதுங்கா மதிலும் மனித உரிமையும்

மாதுங்கா என்னும் பெயரைக் கேட்ட அளவில் வெளிமாநிலத் தமிழராகிய நம் நினைவிற்கு வருவன கோயில் மணியும், பூக்கடையும், காப்பியின் நறுமணமுமே ஆகும். அதனை அடுத்த தாராவியிலோ, திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பு நாடிச் சென்று, தோல் பதனிடும் தொழிலில் அமர்ந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. இவ்விரண்டிற்கும் அண்மையில், வடாலாவில் உள்ள ஒரு பழைய மருத்துவமனை வளாகத்தின் வரலாற்றை இன்று எண்ணிப் பார்ப்போம்.

1890-ஆம் ஆண்டில், பம்பாய் நகராண்மை ஆணையராக இருந்த ஆக்வர்த் என்பாரின் முயற்சியால், வீடற்ற தொழுநோயாளருக்கென அங்கு ஓர் இல்லம் எழுந்தது. மாதுங்கா இல்லம் என்று அந்நாளில் வழங்கிய அது, பின்னர் ஆக்வர்த் மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. ‘வீடற்ற’ என்னும் சொல்லை நாம் கருத வேண்டும். 1898-இல் ஆங்கில அரசு இயற்றிய தொழுநோயர் சட்டமும் இவ்வழியே சென்றது. பிச்சை எடுப்போரையும், பிழைக்க வழியற்றோரையுமே காவலர் பிடித்து இல்லத்தில் அடைக்க அச்சட்டம் இடந்தந்தது. செல்வர் தம் வீட்டு மாடியில் இருந்துகொண்டே மருத்துவம் பெறலாம். நோய் ஒன்றே, ஆயினும் அடைபட்டவர் ஏழையரே.

மருந்து வந்தபின் நிலைமை மாறியது. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து, தொழுநோயை முற்றிலும் குணமாக்குவதாயிற்று. 1976-இல் டாக்டர் ஆர். கணபதி தொடங்கிய பம்பாய்த் தொழுநோய்த் திட்டத்தின் ஊழியர்களோ நோயாளரைப் பிடித்து வரச் சொல்லவில்லை. தாராவியின் சந்துகளுக்குத் தாமே நடந்து சென்று நோயைக் கண்டறிந்தனர்.

இப்பாடத்தை நாம் கற்றுக்கொண்டோமா? 1986-இல் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகள் அதனைக் காட்டின. உடனே பழைய மதில் மீண்டும் எழுந்தது. சென்னைக் காப்பகத்தில் இருந்த சில பெண்கள், தண்டனைக் காலம் முடிந்த பின்னும், கிருமி கண்ட காரணத்தாலேயே வெளியே விடப்படவில்லை. 1990-இல் உயர்நீதிமன்றத்தின் தலையீட்டாலேயே அவர்கள் விடுதலை பெற்றனர். அதே ஆண்டில், பம்பாய் விலைமகளிர் விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்கள் தனி இரயிலில் தமிழகத்திற்குக் கொண்டுவரப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். அவர்களை நாடிச் சென்ற ஆடவரை ஏற்றிவர எந்த இரயிலும் விடப்படவில்லை.

வறியவர் பக்கம் நீதி சாய்ந்த நாளும் உண்டு. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தினக்கூலியாக உழைத்த ஒருவர், உடல் வலிமை குன்றாதிருந்தும், கிருமி கண்டமையால் வேலை மறுக்கப்பட்டார். அவர் தம் பெயரை மறைத்து வழக்காட மும்பை உயர்நீதிமன்றம் இசைந்தது. கிருமி உண்டு என்பது மட்டுமே ஒருவரின் பிழைப்பைப் பறிக்கக் காரணமாகாது என்று 1997-இல் தீர்ப்பளித்தது. ஊராரின் ஏச்சிற்கு அஞ்சி நீதிமன்றப் படி ஏறாதிருந்த பலருக்கு இத்தீர்ப்பு வழி திறந்தது.

2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்படலாயிற்று. மும்பை ஜே. ஜே. மருத்துவமனையும் சென்னையை அடுத்த தாம்பரம் மருத்துவமனையும் முதலில் தொடங்கியவற்றுள் அடங்கும். மருந்தை நாள் தவறாது உண்பவர் பிறரைப் போலவே நெடுநாள் வாழலாம். குருதியில் கிருமி காணாத அளவிற்குக் குறைந்த நிலையில், உடலுறவின் வழியே பிறருக்குப் பரவுவதும் இல்லை. ஆயினும் மருந்து உண்ண நிலையான கூலி வேண்டும், இருக்க இடம் வேண்டும், அஞ்சாது மருத்துவமனை செல்லும் துணிவும் வேண்டும். இவை இல்லாதார்க்கு இலவச மருந்தும் எட்டாத கனியே.

இது நம் நாட்டின் குறை மட்டுமன்று. செல்வம் மிக்க அமெரிக்காவிலும் மக்கள்தொகையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கினரான கறுப்பினத்தாரிடையே, புதிய எச்.ஐ.வி. தொற்றுகளுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு காணப்படுகின்றது. அவர்தம் குருதி வேறானது என்பதால் அன்று. வறுமையும், குடியிருப்பில் ஒதுக்கலும், மருத்துவம் எட்டாமையும் நெடுங்காலமாக அவர்களைச் சூழ்ந்திருப்பதே காரணம்.

2017-இல் நம் நாடாளுமன்றம் இயற்றி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், கிருமியுடையோர்க்கு வேலை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றோடு வாடகை வீட்டையும் மறுத்தலாகாது என்கின்றது. வடாலாவின் அந்தப் பழைய வளாகத்திலேயே மும்பை மாவட்ட எயிட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் அமைந்துள்ளது. ஏழையரை அடைத்த மதிலுக்குள், இன்று அவர்கள் உரிமையோடு நுழையலாம்.

அயலூரில் குடியேறிய நாம் வாடகைக்கு வீடு தேடி அலைந்த நாட்களை மறந்திரோம். மாதுங்காவிலோ, செம்பூரிலோ, வேறெந்த ஊரிலோ, நோயுற்ற ஒருவர் நம் வாயிலில் வந்து நின்று இடம் கேட்பாராயின், அந்நாட்களை நினைவு கூர்ந்து விடையளிப்போமாக.