இயற்கைத் தேர்வு: நோய் தரும் மரபணு ஏன் இன்னும் மறையவில்லை?

இயற்கைத் தேர்வு என்றதும், வலிமையானது மட்டும் பிழைக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படின்னா, கடுமையான ரத்தச்சோகையைத் தரக்கூடிய தலசீமியா மரபணு எப்போதோ மறைந்திருக்க வேண்டுமே?

இயற்கை ஒரே மாதிரி தேர்ந்தெடுப்பதில்லை.

காலபாகோஸில் டாஃப்னி மேஜர் என்று ஒரு குட்டித் தீவு. 1977இல் அங்கு கடும் வறட்சி. சின்ன விதைகள் தீர்ந்து, பெரிய, கெட்டியான விதைகளே மிஞ்சின. அவற்றை உடைக்க முடியாத ஃபிஞ்ச் பறவைகள் ஏராளமாக மடிந்தன. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி அலகுகளை அளந்து பார்த்தபோது, அடுத்த தலைமுறையின் சராசரி அலகு தடித்திருந்தது. இதுதான் திசைத் தேர்வு. சில ஆண்டுகளில் கனமழை கொட்டி, சின்ன விதைகள் பெருகியதும் சிறிய அலகுக்கு யோகம் அடித்தது!

பிறக்கும் குழந்தையின் எடை வேறு கதை. ரொம்பக் குறைந்தாலும் ஆபத்து, ரொம்பக் கூடினாலும் ஆபத்து. நடுத்தரம்தான் பிழைக்கும். இது நிலைப்படுத்தும் தேர்வு, வேறுபாடுகள் சுருங்கும். இதற்கு நேர்மாறானது பிளவுபடுத்தும் தேர்வு: இரண்டு ஓரங்களும் தப்பிக்கும், நடுவில் இருப்பவை திணறும்.

சரி, தலசீமியா எதில் சேரும்?

சமநிலைத் தேர்வில். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தால், பெரும்பாலும் லேசான ரத்தச்சோகையோடு போய்விடும். அப்படிப்பட்டவர்களுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் உண்டு. மலேரியாவுக்கும் தலசீமியாவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949இலேயே எழுதினார். கொசு மிகுந்த மத்தியதரைக்கடல் கரை, இந்தியா, தென்கிழக்காசியா என மலேரியா இருந்த இடங்களில் எல்லாம் மரபணுவும் தங்கிவிட்டது.

சிங்கப்பூர் மலேரியா இல்லாத நாடு என்று 1982இல் சான்றிதழ் பெற்றது. பாதுகாப்புக்கு இனி வேலை இல்லை. ஆனால் மரபணு அவ்வளவு சீக்கிரம் கிளம்பாது. சில தலைமுறைகள் அதற்கு ஒன்றுமே இல்லை.

அதனால் இது உங்களுக்கும் சம்பந்தமான விஷயம். மரபணுவைச் சுமப்பவர் நோயாளி அல்ல. பலருக்குத் தாங்கள் சுமப்பதே தெரியாது. பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான வகை வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மலேசியாவில் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பள்ளியிலேயே பரிசோதிக்கும் திட்டம் இருக்கிறது.