எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்: மீட்டமைத்த பதிப்பு (2012)

ஆங்கில எழுத்தாளர் ஆந்தனி பர்ஜஸ் (1917–1993) எழுதிய 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலை லண்டன் ஹைனமன் பதிப்பகம் 1962-இல் வெளியிட்டது. அதன் ஐம்பதாம் ஆண்டையொட்டி, பர்ஜஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஆண்ட்ரூ பிஸ்வெல் மூலப்படியோடு ஒப்பிட்டுச் செப்பம் செய்த பதிப்பு இது. பிரிட்டனில் ஹைனமனும் அமெரிக்காவில் நார்ட்டனும் வெளியிட்டன.

அலெக்ஸ் பதினைந்து வயது ரௌடி. அடிதடியும் பீத்தோவன் இசையும் அவனுக்கு ஒன்றுபோல இன்பம் தருபவை. சிறைக்குப் போனவனுக்கு அரசு ஒரு சிகிச்சை அளிக்கிறது. அதன்பின் வன்முறையை நினைத்தாலே குமட்டுகிறது. கூடவே பீத்தோவனும் கேட்க முடியாததாகிவிடுகிறது. தீமையைத் தேர்ந்துகொள்ள வழியில்லாதவனை நல்லவன் என்று சொல்லலாமா என்பதே நாவலின் கேள்வி.

இந்நூலின் பதிப்பு வரலாறு பெரும்பாலும் அதன் கடைசி இயலின் வரலாறுதான். மூன்று பகுதி, பகுதிக்கு ஏழு இயல், ஆக 21. அக்கால பிரிட்டனில் வாக்குரிமை பெறும் வயது 21 என்பதால் பர்ஜஸ் அந்த எண்ணை வேண்டுமென்றே வைத்தார். இறுதி இயலில் அலெக்ஸ் வன்முறையில் சலித்து, மனைவி, குழந்தை என்று யோசிக்கத் தொடங்குகிறான். 1963-இல் நார்ட்டன் வெளியிட்ட அமெரிக்கப் பதிப்பில் இந்த இயல் வெட்டப்பட்டது. பணமுடையால் இணங்க நேர்ந்தது என்பார் பர்ஜஸ்; தாம் யோசனைதான் சொன்னதாகவும் ஆசிரியர் மனமொப்பியே ஏற்றதாகவும் சொன்னார் நார்ட்டனின் எரிக் ஸ்வென்சன். ஸ்டான்லி குப்ரிக்கின் 1971 திரைப்படமும் இந்தக் குறைப் பிரதியின் முடிவையே பின்பற்றியது. உலகம் அறிந்த அலெக்ஸ் திருந்தாத அலெக்ஸாகவே நின்றுபோனான். 1980களின் பிற்பாதியில்தான், பர்ஜஸின் சற்றுக் காரமான முன்னுரையோடு, அமெரிக்கப் பதிப்பில் அந்த இயல் இடம்பெற்றது.

ஆகவே 2012 பதிப்பு மீட்டது கடைசி இயலை என்று நினைப்பது தவறு. பிரிட்டிஷ் வாசகர்களிடம் அது 1962 முதலே இருந்தது. பிஸ்வெல் மீட்க முயன்றது பாடத்தை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உள்ள 1961-ஆம் ஆண்டுத் தட்டச்சுப் படியே அவருக்கு ஆதாரம். பர்ஜஸ் ஓரங்களில் படம் வரைந்து வைத்த படி அது. சில பக்கங்களை அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். அதே படியில் இருபதாம் இயலின் முடிவில், இங்கேயே நிறுத்திவிடலாமா, அடுத்து வருவது விரும்பினால் சேர்க்கத்தக்க பின்னுரை என்ற பொருளில் பர்ஜஸே குறித்திருக்கிறார். பிற்காலத்தில் அவர் காட்டிய உறுதி 1961-இல் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. எனினும் நாவலின் முழு வடிவம் 21 இயல்களே.

அலெக்ஸ் கும்பலின் 'நாட்சாட்' என்னும் குழூஉக்குறி பெரிதும் ரஷ்யச் சொற்களால் ஆனது. வாசகர் படிக்கப் படிக்கத் தம்மையறியாமல் அதைக் கற்க வேண்டும் என்பது பர்ஜஸின் திட்டம். அதனால்தான் அமெரிக்கப் பதிப்பில் ஸ்டான்லி எட்கர் ஹைமன் சேர்த்த அரும்பத அகராதி அவருக்குப் பிடிக்கவில்லை. மீட்டமைத்த பதிப்பிலும் ஓர் அகராதி உண்டு. மார்ட்டின் ஏமிஸின் முன்னுரை, குறிப்புகள், பர்ஜஸின் கட்டுரைகள், பழைய மதிப்புரைகள் ஆகியவை மற்ற சேர்க்கைகள்.

2013-இல் பெங்குவின் மாடர்ன் கிளாசிக்ஸ் வரிசையிலும் இப்பதிப்பு வந்தது.